வான்கோழிக்கு எந்த வில்?

அமெரிக்காவில் வேட்டை வில் விற்கும் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது வேகம். இந்த வில் அம்பை நொடிக்கு இத்தனை அடி செலுத்தும், அந்த வில் அதைவிட இருபது அடி கூடுதல் என்றுதான் பேச்சு தொடங்கும். மானுக்கும் எல்க் என்ற பெரிய மானுக்கும் அந்தக் கணக்கில் ஓரளவு பொருள் உண்டு. வசந்த காலத்தில் காட்டு வான்கோழியைத் தேடிப் போகிறவருக்கு அது ஏறக்குறையப் பயனற்றது. அந்த எண்ணைப் பார்த்து வில் வாங்குவதே இந்த வேட்டையில் நடக்கும் பெரும் பிழை என்பது என் கருத்து.

காரணம் பறவையின் கண்ணில் இருக்கிறது. மான் மோப்பத்தால் தப்பும். வான்கோழிக்கு மோப்பம் மிகக் குறைவு. பார்வையோ கூர்மையிலும் கூர்மை. தலையின் இரு பக்கமும் அமைந்த கண்கள், நிறங்களைப் பிரித்தறியும் திறன், கழுத்தைச் சற்றே திருப்பினால் சுற்றுப்புறம் முழுவதும் தெரியும் வசதி. துப்பாக்கிக்காரர் குழலை முன்பே முழங்காலில் சாய்த்து வைத்துக் காத்திருக்கலாம். 40 கஜ தூரத்தில் விரல் அசைந்தால் போதும். வில்லாளியோ பறவை 20 கஜத்துக்குள் வந்தபின் நாணைக் கன்னம்வரை இழுக்க வேண்டும். அந்த ஓர் அசைவைப் பறவை பார்த்துவிட்டால் காலையெல்லாம் காத்திருந்தது வீண்.

ஆகவே வில்லிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதை ஓசையின்றி இழுத்து, இழுத்த நிலையில் எவ்வளவு நேரம் அசையாமல் பிடிக்க முடியும்?

முனைகள் முன்னோக்கி வளைந்த ரீகர்வ் வில் இந்தக் கேள்வியில் தடுமாறுகிறது. 45 பவுண்டு வில்லை முழுதாக இழுத்தால் அந்த 45 பவுண்டும், அதாவது 20 கிலோ, விரல்களில் நிற்கும். நன்கு பழகியவர்கள்கூடச் சில நொடிகளில் விட்டாக வேண்டும். பறவை ஒரு மரத்தின் பின்னால் நின்று யோசித்தால் கை நடுங்கத் தொடங்கிவிடும். ஆனாலும் அதன் எளிமையையும் எடைக்குறைவையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. 12 கஜத்துக்குள் மட்டுமே எய்வேன் என்று உறுதி கொண்டு, ஆண்டு முழுவதும் பயிற்சி செய்பவர் கையில் அது நேர்மையான கருவி.

மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில் இந்தச் சிக்கலைத்தான் உடைத்தது. நாணை இழுக்க இழுக்கச் சுமை ஏறும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் உருளைகள் சுமையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். 60 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு தளர்வு என்றால் கையில் நிற்பது 12 பவுண்டு மட்டுமே. வான்கோழி வேட்டைக்கு இந்தத் தளர்வு விழுக்காடுதான் முதன்மையான எண். அதை விட்டுவிட்டு வேகத்துக்காகச் சட்டெனச் சுமை ஏற்றும் உருளைகள் கொண்ட வில்லை வாங்குபவர், இழுப்பதற்கு வில்லை வானத்தை நோக்கித் தூக்க வேண்டியிருக்கிறது. பறவைக்கு அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை. உட்கார்ந்த நிலையில், வில்லைத் தூக்காமல், நெஞ்சுக்கு நேராக இழுக்க முடிகிறதா என்று கடையிலேயே சோதிக்கலாம். பெரும்பாலோருக்கு அது 45, 50 பவுண்டில் வந்து நிற்கும். வான்கோழிக்கு அது தாராளம்.

துணிக்கூடார மறைவு இந்த வேட்டையை இன்னும் எளிதாக்கியிருக்கிறது. புதிதாக முளைத்த கூடாரத்தைக் கண்டு மான் ஒதுங்கும். வான்கோழி பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. உள்ளே கறுப்புச் சட்டை அணிந்து உட்கார்ந்தால் இழுக்கும் அசைவும் மறைந்துவிடும். ஆனால் கூடாரத்துக்குள் நீள வில் கூரையில் இடிக்கும் என்பதால், அச்சுக்கு அச்சு 30 அங்குலம் அளவில் உள்ள குட்டை வில்லே வசதி. வெளியே பொம்மைப் பெட்டையும் இளஞ்சேவலும் நிற்கும். சங்கத் தமிழில் இப்படிக் காட்டி மயக்கும் விலங்குக்குப் ‘பார்வை’ என்று பெயர்; எவ்வளவு பொருத்தமான சொல்! ஆண் பறவை அந்தப் பொம்மைகளின் முன் தோகை விரித்து முதுகு காட்டித் திரும்பும்போது அதன் தோகையே அதன் கண்ணை மறைக்கும். நாணை இழுக்க அதைவிட நல்ல கணம் கிடையாது.

இனி நான் தயங்கும் இடம். சிலிர்த்து நிற்கும் வான்கோழி பெரிதாகத் தெரியும். உள்ளே இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஒரு கை முட்டி அளவுதான். இரண்டு அங்குலம் தவறினாலும் அடிபட்ட பறவை ஓடும், பறக்கும். இறகுகள் இரத்தத்தை உறிஞ்சிவிடுவதால் தரையில் தடமும் இராது. இங்கே வில்லின் வலிமை கூடக் கூட நன்மை கூடுவதில்லை. மெல்லிய உடலை அம்பு துளைத்து வெளியேறிவிட்டால் பறவை பறந்துவிடலாம். உடலிலேயே தங்கினால் பறப்பது தடைப்படும் என்று பல வேட்டைக்காரர்கள் வாதிடுகிறார்கள். துளைத்துச் செல்வதே விரைவான சாவு என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டையும்விட அகலமான முனையும் துல்லியமான குறியும் முக்கியம். தலையைக் கொய்யும் நீண்ட தகடுகள் கொண்ட அம்புமுனைகளும் விற்கின்றன. பட்டால் உடனே முடியும், தவறினால் பெரும்பாலும் காயமில்லை என்பது அதன் நியாயம். ஓயாமல் ஆடும் தலையைக் குறிவைப்பதும், அந்த அகலத் தகடுகள் அம்பின் போக்கைக் கெடுப்பதும் அதன் குறை.

குறுக்குவில்லை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முன்பே நாணேற்றி, தாங்கியில் வைத்துக் காத்திருக்கலாம். இழுக்கும் அசைவே கிடையாது. தோளில் வலிமை குறைந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது பறவையைக் காயத்தோடு தப்பவிடாத வழி. அதன் ஆபத்து வேறு: விசையும் தொலைநோக்கியும் இருப்பதால் 60 கஜத்தில் எய்யும் ஆசை வரும். நொடிக்கு 350 அடி போகும் அம்பும் அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடி எடுக்கும். அதற்குள் வான்கோழி ஓர் அடி நடந்திருக்கும்.

இவ்வளவு கவலை ஏன் என்றால், இந்தப் பறவை ஒருமுறை கைநழுவப் பார்த்தது. 1930களில் அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியவை ஏறத்தாழ இரண்டு லட்சம் என்று மதிப்பிட்டார்கள். 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பியது; பின்னர் வில்லும் அம்பும் அந்த வரிக்குள் வந்தன. பறவைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டதால் அவை பல லட்சங்களாகப் பெருகின. இன்று தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் எண்ணிக்கை மீண்டும் இறங்குகிறது. அடிபட்டுப் புதருக்குள் போய்ச் சாகும் பறவை பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

முதல் முறை வாங்குபவருக்கு என் தீர்ப்பு: 45 முதல் 50 பவுண்டு இழுவை, உயர்ந்த தளர்வு, குட்டை உடல் கொண்ட காம்பவுண்ட் வில். உட்கார்ந்தபடி 20 கஜத்தில் ஐந்து அம்பும் ஒரு முட்டி அளவுக்குள் விழும்வரை காட்டுக்குப் போக வேண்டாம். பருவம் தொடங்கும்போதும் அது கைகூடாவிட்டால், அந்த ஆண்டு துப்பாக்கியையே எடுத்துச் செல்லுங்கள்.