த விடோஸ் ஆஃப் மலபார் ஹில்

த விடோஸ் ஆஃப் மலபார் ஹில் (2018) சுஜாதா மாஸி ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்றுத் துப்பறியும் நாவல். பெர்வீன் மிஸ்திரி வரிசையின் முதல் நூல். கதை 1921-ல் பம்பாயில் நிகழ்கிறது. தந்தையின் சட்ட அலுவலகத்தில் பணிபுரியும் பார்ஸிப் பெண் பெர்வீன். மறைந்த ஆலை முதலாளி ஒருவரின் மூன்று மனைவியரும் தங்கள் உரிமைச் சொத்தை அறக்கட்டளைக்கு விட்டுக்கொடுக்க ஒப்பியிருப்பது அவளுக்கு ஐயம் தருகிறது. அவ்வீட்டில் ஒரு கொலை நடக்கிறது.

இலக்கிய இடம்

காவல்துறை இருக்கையில் ஒரு பெண் ஏன் துப்பறியவேண்டும் என்ற கேள்விக்கு இவ்வகை நாவல்கள் பலவற்றில் பதில் இருப்பதில்லை. இந்நாவலில் இருக்கிறது. விதவைகள் கோஷா முறையில் வாழ்பவர்கள். அன்னிய ஆண்கள் அவர்களை நேரில் காணமுடியாது. பெண்கள் வழக்கறிஞராகலாம் என்று உறுதிசெய்த சட்டம் 1923-ல்தான் வந்தது. நீதிமன்றத்தில் வாதாட முடியாத பெர்வீனால் அந்தத் திரைக்குப் பின்னால் செல்லமுடிகிறது. அவளுக்கு முன்னோடி, கோஷாப் பெண்களின் சட்ட ஆலோசகராக இருந்த கார்னிலியா சொராப்ஜி.

பெர்வீனின் கல்கத்தா மணவாழ்க்கையைச் சொல்லும் பகுதிகள் விசாரணையின் வேகத்தைக் குறைக்கின்றன. ஆனால் புகுந்த வீட்டில் மாதவிலக்கு நாட்களில் தனியறையில் அடைக்கப்பட்டவள் அவள். அதனால்தான் விதவைகளை வேடிக்கை பார்ப்பவளாக அவள் இல்லை. அப்பகுதிகளை நீக்கினால் விறுவிறுப்பு கூடும். எஞ்சுவது வெறும் புதிராக இருக்கும்.