அயற்கூற்று அளவைகளும் ஊவாப் பெருந்தோட்ட நிலமும்

நிலப்போர்வையின் இடவமைவை எண்களால் விவரிக்கும் முயற்சி புவியியலில் புதியதன்று. செய்மதிப் படத்தைச் சதுரக் கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றின் அயலிலும் எவ்வகை நிலம் உள்ளது எனக் கணக்கிடுவதே அயற்கூற்று முறையின் அடிப்படை. படங்களின் இழையமைப்பை அளக்க 1973இல் ஹராலிக் முதலியோர் முன்வைத்த அட்டவணையும், 1988இல் ஓ'நீல் முதலியோர் நிலத்தோற்றத்துக்கு வகுத்த சுட்டெண்களும் இதன் முக்கிய படிகள். காட்டின் பரப்பைக் கூறுவதோடு நில்லாது, அது திரண்டுள்ளதா, சிதறியுள்ளதா என்றும் வினவுவது இம்முறையின் சிறப்பு. ஆயின், ஊவாவின் தோட்டங்களுக்கு இதனைப் பிரயோகிக்கையில் எவை புலப்படுகின்றன, எவை மறைகின்றன என்பது விமர்சனத்துக்குரியது.

நமுனுகுல மலையில் உச்சியை அண்டிக் காடு, அதன்கீழ்த் தேயிலை, தேயிலைக்கு நடுவே லயங்கள், தாழ்வில் சிங்களக் கிராமங்களின் வயலும் வீட்டுத்தோட்டமும். அளவை தேயிலையைத் 'திரட்சி' என்றும் கிராமத்தைச் 'சிதறல்' என்றும் கூறும். இவை வடிவப் பெயர்களேயன்றி நன்மை தீமைகளின் பெயர்களல்ல. தேயிலையின் திரட்சி இயற்கை தந்ததன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரித்து நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியவையாகக் கொண்டது. அந்நிலங்களில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பரவின. மறுபுறம், பலாவும் கமுகும் மிளகும் கலந்து வளரும் வீட்டுத்தோட்டத்தின் 'சிதறல்' உண்மையில் பல்பயிர் வளமாகும்.

அடுத்தது கூற்றின் பருமன். பெரிதும் பயன்படும் லாண்ட்சற் படத்தில் ஒரு கூறு 30 மீற்றர்ப் பக்கமுடையது; பரப்பு 900 சதுர மீற்றர். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட பழைய லய அறை ஏறத்தாழ 11 சதுர மீற்றர். அத்தகைய எண்பது அறைகள் ஒரே கூற்றினுள் அடங்கும். எனவே தனித்த லயம் சூழவுள்ள தேயிலையாகவே பதிவாகிவிடக்கூடும். உழைப்பவரின் குடியிருப்பு அவர்தம் உழைப்பின் விளைவினுள் மறைந்துபோகிறது.

நுண்ணிய படங்கள் இக்குறையைத் தணிக்கும். திசை பற்றிய குறையோ அவற்றாலும் தீராது. மூன்றுக்கு மூன்று கூறுகள் கொண்ட சாளரமொன்றில் மேல்வரிசை காடு, நடுவரிசை லயம், கீழ்வரிசை தேயிலை எனக் கொள்வோம். பக்கம் பகிரும் இணைகள் பன்னிரண்டு: ஓரினத்தன ஆறு, காடும் லயமும் மூன்று, லயமும் தேயிலையும் மூன்று. படத்தைத் தலைகீழாக்கினும் எண்கள் மாறா. சரிவில் வாழ்பவனுக்கோ, தலைக்கு மேல் இருப்பது காடா, தேயிலையா என்பது உயிர்ப்பிரச்சினை.

இது வெறும் ஏட்டுவாதமன்று. பதுளை மாவட்டத்தின் இன்னொரு புறமான கொஸ்லந்தையில், 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் காலை, மேற்சரிவு பெயர்ந்து மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களைப் புதைத்தது. உயரத் தரவை இணைத்து மேலயல், கீழயல் எனப் பிரித்துக் கணக்கிட்டால் இத்தகைய ஆபத்தை அளவையும் உணர்த்தக்கூடும். எனினும் அதுவும் போதாது. அங்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தன. சொந்த நிலமற்ற மக்கள் வேறெங்கே பெயர்வது? நிலத்தை மூடியிருப்பது எது என்பதோடு, நிலம் எவர் கையில் உள்ளது என்பதும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். அந்த வினாவை ஒதுக்கிய அளவை எத்துணை நுட்பமாயினும், மலையகத்தைப் பொறுத்தவரை அரைகுறை விவரணமே.