அடக்கும் வினைகளும் அடங்காத வழக்கும்

ஒரு பொருள் இன்னொன்றைச் சூழ்ந்திருப்பதையோ, ஒரு முழுமை தன் உறுப்புகளைக் கொண்டிருப்பதையோ சொல்வதற்கு ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் ஏராளமாக உள்ளன. 'சரவுண்ட்', 'என்க்ளோஸ்', 'கன்டெய்ன்', 'இன்குலூட்', 'கன்சிஸ்ட்' என நீளும் அந்த வரிசையில் நடைக் கையேடுகளின் கண்டனத்துக்கு மிகுதியாக ஆளான சொல் 'கம்ப்ரைஸ்'. கையேடுகள் வகுத்த விதி சுருக்கமானது: இந்த வினைக்கு முழுமையே எழுவாயாகவும் உறுப்புகளே செயப்படுபொருளாகவும் நிற்க வேண்டும். ஓர் ஒன்றியம் தன் மாநிலங்களைக் 'கம்ப்ரைஸ்' செய்யலாம். மாநிலங்கள் கூடி ஒன்றியத்தைக் 'கம்ப்ரைஸ்' செய்யலாகாது, அவை அதனைக் 'கம்போஸ்' அல்லது 'கான்ஸ்டிட்யூட்' செய்யும், அதாவது ஆக்கி அமைக்கும். இதன் தொடர்ச்சியாக, 'இஸ் கம்ப்ரைஸ்டு ஆஃப்' என்ற செயப்பாட்டுத் தொடரும் பிழையென விலக்கப்பட்டது. ஸ்ட்ரங்க், ஒயிட் இருவரின் பெயரில் வழங்கும் 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' முதலிய நூல்கள் இவ்விதியைப் பல தலைமுறை மாணவர்களிடம் கொண்டு சேர்த்தன. இத்தொடரை விலக்குவதைத் தனிப்பணியாக மேற்கொண்ட அமெரிக்கத் தன்னார்வலர் ஒருவர், விக்கிப்பீடியாவில் பல்லாயிரக்கணக்கான இடங்களில் அதனைத் திருத்தியதாக 2015-இல் செய்தி வந்தது.

விதிக்கு வலுவான அடிப்படை ஒன்று உண்டு. எது முழுமை, எது உறுப்பு என்பதைச் சொல்லும் பொறுப்பு இவ்வினையிடம் இருக்கிறது. அது இரு திசையிலும் இயங்கத் தொடங்கினால் வாசகர் தம் உலக அறிவை நம்பியே பொருள் கொள்ள நேரும். ஒன்றியமும் மாநிலமும் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அங்கே குழப்பம் எழாது. நிலவியலில் பாறையடுக்குகளைக் 'குரூப்', அதனுள் 'ஃபார்மேஷன்', அதனுள் 'மெம்பர்' எனப் படிநிலையாக வகுப்பார்கள். இப்படிநிலையை அறியாத ஒருவர், ஒன்று மற்றொன்றைக் 'கம்ப்ரைஸ்' செய்கிறது என்று படிக்கும்போது, வினையின் திசை உறுதியாக இருந்தால் மட்டுமே எது எதனுள் அடங்குகிறது என்பதை அறிய முடியும். தொழில்நுட்ப எழுத்தில் இது சிறிய நன்மை அன்று.

ஆயினும் விதியின் காவலர்கள் இந்த நன்மையை முன்வைத்து வாதிடுவது குறைவு. அவர்கள் பெரிதும் நம்புவது சொற்பிறப்பையே. 'கம்ப்ரைஸ்' என்பது பிரெஞ்சு வழியாக, பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆகவே பற்றும் முழுமைக்கே அது உரியது, பற்றப்படும் உறுப்புக்கு உரியதன்று என்பது அவ்வாதம். இதே அளவுகோலை 'சரவுண்ட்' என்ற சொல்லுக்கு வைத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. அச்சொல்லின் மூலம், மேலே அலையாகப் பெருகுதல் என்னும் பொருளுடைய பிற்கால இலத்தீன் வினை. ஆங்கிலத்திலும் 15-ஆம் நூற்றாண்டில் அது வெள்ளம் மூடுவதையே குறித்தது. வட்டத்தைக் குறிக்கும் 'ரவுண்ட்' என்ற சொல்லின் ஒலியொற்றுமையால் 17-ஆம் நூற்றாண்டில் அது 'சூழ்தல்' எனத் திரிந்தது. வேலி வீட்டைச் 'சரவுண்ட்' செய்வதைப் பிழையென்று எந்தக் கையேடும் சொல்லவில்லை. 'கம்ப்ரைஸ்' உறுப்புகளை எழுவாயாகக் கொள்ளும் வழக்கும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே காணப்படுவதுதான்.

மேலும், இக்குடும்பத்து வினைகள் எழுவாயை மாற்றிக்கொள்வதில் தாராளமானவை. வேலி வீட்டைச் சூழ்ந்தது என்றும், உரிமையாளர் வேலியைக் கொண்டு வீட்டைச் சூழச் செய்தார் என்றும் சொல்ல ஆங்கிலத்துக்கு 'சரவுண்ட்' ஒன்றே போதும். பட்டியல் ஒரு பெயரை 'இன்குலூட்' செய்யும். பட்டியலிடுபவரும் அப்பெயரை 'இன்குலூட்' செய்வார். இவற்றில் எழுவாய் மட்டுமே மாறுகிறது, செயப்படுபொருள் இடம்பெயர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'கம்ப்ரைஸ்' விஷயத்தில் இரண்டும் ஒன்றன் இடத்தை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. எனவே இந்த ஒப்புமை விதியை வீழ்த்திவிடாது. ஆனால் வழக்கு நெகிழ்ந்தாலே தருக்கம் கெட்டுவிடும் என்ற கூக்குரலைத் தணிக்கும்.

விதியின் மிகப் பெரிய குறை, அது தன் சினத்தைக் காட்டத் தேர்ந்தெடுத்த இடம். 'இஸ் கம்ப்ரைஸ்டு ஆஃப்' என்ற தொடரில் 'ஆஃப்' என்னும் முன்னிடைச்சொல் உறுப்புகள் எவை என்பதை ஐயமின்றிக் காட்டிவிடுகிறது. அதனைப் படித்துத் திசை தடுமாறுவதற்கு வழியே இல்லை. உண்மையில் குழப்பம் விளைவிக்கக் கூடியது, உறுப்புகளை எழுவாயாக்கும் செய்வினை வடிவமே. அப்படியிருக்க, அதிகம் வேட்டையாடப்படுவது தீங்கற்ற செயப்பாட்டுத் தொடர்தான்; காரணம், அது கண்ணுக்கு எளிதில் அகப்படுகிறது. இந்தியப் போட்டித்தேர்வுகளின் பிழை காணும் வினாக்களில் 'கம்ப்ரைசஸ் ஆஃப்' பெற்றிருக்கும் இடத்துக்கும் இதுவே காரணம் எனலாம்.

திசையைவிடப் பெரிய வினா ஒன்று இருக்கிறது: சொல்லப்பட்ட பட்டியல் முழுமையானதா, மேலும் உறுப்புகளுக்கு இடம் உண்டா? ஃபவுலர் 1926-இல் வெளியிட்ட வழக்கு அகராதி இதனைக் கண்டுகொண்டது. உள்ளடக்கம் முழுவதையும் சொல்லும்போது 'கம்ப்ரைஸ்', ஓர் உறுப்பு உள்ளே இருப்பதைச் சொல்லும்போது 'இன்குலூட்' என்று அது வேறுபடுத்தியது. ஆனால் காப்புரிமைத் துறை இதற்கு நேர் எதிரான வழக்கை நிலைநாட்டியிருக்கிறது. கண்டுபிடிப்பின் எல்லையை வரையறுக்கும் உரிமைக்கோரலில் 'கம்ப்ரைசிங்' என்று எழுதினால் அது திறந்த சொல். கூறப்பட்ட மூன்று பாகங்களோடு நான்காவது ஒன்றைச் சேர்த்துச் செய்பவரும் அக்கோரலுக்குள் சிக்குவார். 'கன்சிஸ்டிங் ஆஃப்' என்று எழுதினால் அது மூடிய சொல். கூடுதல் பாகம் சேர்த்தவர் பொதுவாகத் தப்பிவிடுவார். கையேட்டை மட்டும் படித்து உரிமைக்கோரல் எழுதத் துணிபவர் பெரும் பொருளிழப்புக்கு ஆளாகக் கூடும்.

இந்திய அரசமைப்புச் சட்டம் வேறொரு பாடத்தைத் தருகிறது. நாடாளுமன்றம் குடியரசுத் தலைவரையும் இரு அவைகளையும் கொண்டது என்று கூறும் 79-ஆம் கூறு 'கன்சிஸ்ட்' என்ற வினையை ஆள்கிறது. இந்திய ஆட்சிநிலப்பரப்பைச் சொல்லும் முதற்கூறின் மூன்றாம் உட்கூறு 'கம்ப்ரைஸ்' என்கிறது. அடிப்படை உரிமைகளுக்காக 'அரசு' என்பதை விளக்கும் 12-ஆம் கூறு 'இன்குலூட்' என்கிறது. முதற்கூறில் வினை பட்டியலை மூடுவதால், மாநிலங்கள், ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் ஆகியவற்றோடு, இனிப் பெறப்படும் நிலப்பகுதிகளுக்கும் வரைவாளர்கள் தனி இடம் எழுத வேண்டியிருந்தது. 1961-இல் கோவா சேர்ந்தபோது அந்த வாசல் திறந்தே இருந்தது. 12-ஆம் கூறிலோ அத்தகைய முன்னேற்பாட்டுக்குத் தேவை குறைவு. 'பிற அதிகார அமைப்புகள்' என்ற தொடரின் துணையோடு, நீதிமன்றங்கள் 1967-இல் ராஜஸ்தான் மின்வாரியத்தையும், 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில் ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியை நடத்திய சங்கத்தையும் 'அரசு' என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தன.