புதிரை அவிழ்ப்பவர்களும் ஷில்பாவும்

தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' 2011 ஜூனில் வந்தபோது தியேட்டரில் நிற்கவில்லை. இரண்டு தேசிய விருதுகள் வாங்கிய அந்தப் படத்துக்கு ரசிகர்கள் சேர்ந்ததெல்லாம் பிறகுதான். அடுத்த படத்துக்கு எட்டு வருஷம் காத்திருந்தார்கள். 2019 மார்ச் 29 அன்று 'சூப்பர் டீலக்ஸ்' வந்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம், நான்கு பேர் சேர்ந்து எழுதிய திரைக்கதை. கட்டிலில் செத்துப்போகும் பழைய காதலன், பல வருஷம் கழித்துத் திருநங்கையாக வீடு திரும்பும் அப்பா, பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஆபாசப் படம் பார்க்கப்போய்த் திரையில் தன் அம்மாவையே பார்த்துவிடும் பையன், இவ்வளவுக்கும் நடுவில் தான் வேற்றுக்கிரகத்தவள் என்று சொல்லி நிரூபித்தும் காட்டும் ஒரு பெண். இருட்டும் குழப்பமும் அறிவியல் கற்பனையும் ஒன்றாகப் பிசைந்த இந்தப் படத்துக்கு இன்றைக்கும் புது ரசிகர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

திருநெல்வேலி டீக்கடைகளில் இந்தப் படத்தைப் பற்றிப் பையன்கள் பேசக் கேட்டிருக்கிறேன். 'டீகோட்' பண்ணுவது என்பார்கள். போனில் படத்தை நிறுத்தி நிறுத்திச் சுவரின் நிறம், மூலையில் தெரியும் போஸ்டர், பின்னணியில் ஓடும் பழைய பாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடுகிறார்கள். ஒரு கதையில் வரும் டிவி இன்னொரு கதையில் யார் தலையில் விழுகிறது என்று கோடு போட்டு இணைக்கிறார்கள். இதை வெட்டிவேலை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒளிப்பதிவு செய்தவர்கள் பி.எஸ். வினோதும் நீரவ் ஷாவும் என்று பத்தொன்பது வயதுப் பையன் சொல்கிறான், எந்தக் காட்சியில் ஒளி எப்படி மாறுகிறது என்றும் சொல்கிறான். வசூலில் தோற்ற படத்தை மறுபடி எடுத்து உட்கார்ந்து பார்க்கும் பொறுமை அவனுக்கு இருக்கிறது. 'ஆரண்ய காண்ட'த்தைக் காப்பாற்றியது விமர்சகர்கள் மட்டுமல்ல, இந்தப் பொறுமையும்தான்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது தாமிரபரணிக் கரைக்குப் புதிதில்லை. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைத்தால் முத்துப்பட்டன் கதையின் முடிவு தெரியாதவர் பந்தலில் யாரும் இருக்கமாட்டார்கள். பட்டன் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டுவான், சாவான், சொரிமுத்தையனார் கோயிலில் தெய்வமாக நிற்பான். ஆனாலும் பட்டன் சாகிற இடம் வரும்வரை கூட்டம் கலையாது. இந்த வருஷம் புலவர் அதை எப்படிப் பாடுகிறார், உடுக்கை எங்கே தணிகிறது என்று கேட்கத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தைப் பத்து முறை பார்ப்பவனும் அந்தப் பந்தலுக்கு உரியவன்தான். ஆனால் பந்தலில் இருப்பவர் கதைக்குள் போகத் திரும்பி வருகிறார். புதிர் அவிழ்ப்பவர் விடை கிடைக்கும்வரைதான் வருகிறார். கிடைத்ததும் படம் அவருக்குத் தீர்ந்துபோகிறது.

விடை தேடும் அவசரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. மாரி செல்வராஜின் 'கர்ணன்' 2021இல் வந்தபோது, முகமூடி போட்டுக்கொண்டு வரும் அந்தச் சிறுமிக்கு எத்தனையோ குறியீட்டு விளக்கங்கள் வந்தன. பஸ் நிற்காத ஊரில், நடுரோட்டில் வலிப்பு வந்து செத்த பிள்ளை அவள். கன்னியாகச் செத்தவளை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்தில் வழக்கம். அப்படிக் கும்பிடும் குடும்பத்துக்கு அவள் குறியீடு இல்லை, வீட்டுப் பிள்ளை. அவளைக் கண்டால் என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றாது, அழத்தான் தோன்றும். ஒரு படத்தில் எது புதிர் என்பது பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. விளக்கம் சொல்கிறவர்கள் தாங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

விளக்கம் கூடினால் படம் வளரும் என்றும் சொல்ல முடியாது. ரிச்சர்ட் கெல்லியின் 'டானி டார்க்கோ' 2001இல் அமெரிக்கத் திரையரங்குகளில் தோற்று, டிவிடியிலும் நள்ளிரவுக் காட்சிகளிலும் கொண்டாடப்பட்ட படம். 2004இல் வந்த இயக்குநர் பதிப்பில், கதைக்குள் வரும் காலப்பயண நூலின் பக்கங்களையே திரையில் காட்டிப் புரியவைத்தார் கெல்லி. பழைய ரசிகர்களில் பலருக்கு முதல் பதிப்புதான் இன்றும் பிடித்திருக்கிறது.

'சூப்பர் டீலக்ஸி'லேயே இதற்கு ஓர் எச்சரிக்கை இருப்பதாக நினைக்கிறேன். சுனாமியில் ஒரு சிலையைப் பிடித்துக்கொண்டு, மிஷ்கின் நடித்த தனசேகரன் பிழைக்கிறான். அந்தச் சிலையைக் கடவுளாக்கி, தன் பெயரை அற்புதம் என்று மாற்றிக்கொள்கிறான். தற்செயலாக நடந்த ஒன்றுக்கு அர்த்தம் கொடுத்து, பெற்ற பிள்ளை ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடும்போதும் அந்த அர்த்தத்தையே கட்டிக்கொண்டு அழுகிறான். ஒவ்வொரு சட்டகத்திலும் இயக்குநர் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று நம்புகிற ரசிகருக்கும் அந்த மனிதருக்கும் தூரம் அதிகமில்லை. இயக்குநரின் புத்திசாலித்தனத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் இந்தத் தேடல் நடக்கும். எல்லாம் காரணத்தோடு வைக்கப்பட்டவை என்றால், தவறாக வைக்கப்பட்டது என்று எதையுமே சொல்ல முடியாமல் போகிறது.

ஷில்பாவின் விஷயத்தில் நடந்தது இதுதான். திருநங்கையாக வீடு திரும்பும் அந்த அப்பாதான் ஷில்பா; விஜய் சேதுபதி நடித்து தேசிய விருது பெற்ற பாத்திரம் அது. போலீஸ் ஸ்டேஷனில் அவள் படும் அவமானமும் மகன் ராசுக்குட்டி அவளை ஏற்றுக்கொள்ளும் விதமும் மனசை உலுக்குகின்றன. ஆனால் தான் ஒரு காலத்தில் குழந்தைகளைக் கடத்திப் பிச்சையெடுக்கும் கும்பலிடம் விட்டதாக அவளே சொல்கிறாள். கதைக்கு இது அவசியமே இல்லை. படம் வருவதற்குப் பத்து மாதம் முன்பு, 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் ஹைதராபாத்தில் ஒரு திருநங்கையும் அதே வதந்திக்குப் பலியானார். அந்தப் பழியை ஒரு திருநங்கையின் வாயாலேயே ஒப்புதல் வாக்குமூலமாகச் சொல்லவைத்தது எப்படி என்று திருநங்கையர் பலர் வெளிப்படையாகக் கேட்டார்கள்.

நான் பார்த்த விளக்க வீடியோக்களில் ஷில்பாவின் சேலை நிறத்துக்கு விளக்கம் இருந்தது, இந்தக் கேள்வி இல்லை. இந்தப் படத்தை நேசிப்பவன் என்ற முறையில் எனக்கு அது உறுத்துகிறது. படத்தை நிறுத்திப் பார்க்கத் தேவையில்லாமல், வெளிச்சத்திலேயே கிடக்கும் வசனம் அது. கல்லூரிப் பையன்கள் அடுத்த முறை இந்தப் படத்தைப் பேச உட்காரும்போது அந்த வசனத்திலிருந்து தொடங்கட்டும். அதை எழுதியவர்களிடமே கேட்கலாம்.