ஆடிஷனுக்கு எதை வாசிப்பது?

அமெரிக்கக் கல்லூரிகளில் கிளாரினெட் படிக்க விண்ணப்பிக்கும் மாணவருக்கு நடுவர்கள் முன்னால் கிடைப்பது பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடம்தான். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு உருப்படிகள், சில ஸ்கேல்கள், பல இடங்களில் சீரில் ரோஸின் 32 பயிற்சிகளிலிருந்து மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று. உருப்படியை மாணவரே தேர்ந்துகொள்ளலாம் என்பார்கள். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுற்றிச் சுற்றி எல்லோரும் வந்து நிற்பது மோட்சார்ட், வெபர், சென்-சான்ஸ், பூலாங்க் வாசலில்தான்.

இந்த வழக்கத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்த வழக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. முன்பின் கேட்டிராத உருப்படியில் தவறியது மாணவரா, எழுதியதே அப்படித்தானா என்று நடுவருக்குக் குழப்பம் வரும். நாலு பேர் ஒரே கீர்த்தனையைப் பாடினால் யாருக்குச் சுருதி நிற்கிறது என்பது உடனே தெரிந்துவிடுகிறதல்லவா?

பாரிஸ் கன்சர்வேட்டரி இதைக் கடைசி வரை கொண்டுபோய்ப் பார்த்தது. ஆண்டுத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே உருப்படி. பல ஆண்டுகள் அதைத் தேர்வுக்கென்றே புதிதாக எழுதி வாங்கினார்கள். 1910-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு ‘முதல் ராப்சோடி’யை எழுதிக் கொடுத்தவர் குளோத் தெபுஸி. அவரே நடுவராகவும் உட்கார்ந்தார். அந்த உருப்படியின் தொடக்கத்தைக் கவனிக்க வேண்டும். விரல் வித்தை ஏதும் இல்லை. மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல மிருதுவான சில சுரங்கள். ஓட்டமும் தாவலும் பிறகுதான். தேர்வு வைத்தவர் முதலில் கேட்டது மூச்சை. ஒரே ஒருவர் மனப்பாடமாக, நல்ல இசைஞராக வாசித்தார் என்றும் மற்றவர்கள் சாதாரணம்தான் என்றும் தெபுஸி தம் பதிப்பாளருக்கு எழுதினார்.

இன்றைய மாணவர் இதைத் தலைகீழாகச் செய்கிறார். சுரங்கள் நெருக்கியடித்து, தாளில் கறுப்பு அதிகம் தெரிகிற உருப்படியை எடுக்கிறார். நல்ல தனி ஆசிரியர் வாய்த்தவரை அந்த ஆசிரியர் தடுத்துவிடுவார். பள்ளி பாண்டில் மட்டும் வாசித்துப் பழகியவரைத் தடுக்க ஆளில்லை. விரும்பியதை எடுக்கலாம் என்ற உரிமை, விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

கறுப்பு குறைந்தால் எளிது என்றும் இல்லை. மோட்சார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோ விரலுக்கு எளிது என்று பேர். கர்நாடக இசையில் ஏ.கே.சி. நடராஜன் கையில் கமகமாக வளைந்த கருவியைக் கேட்ட காது நமக்கு. மோட்சார்ட்டிலோ ஒவ்வொரு சுரமும் வளையாமல் நிற்க வேண்டும். கிளாரினெட்டின் சுர வரிசைக்கு நடுவில் ஓர் இடம் உண்டு. ஒரு சுரத்துக்குத் துளைகள் எல்லாம் திறந்திருக்கும். இடக்கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் மட்டும் வேலை செய்யும். அடுத்த சுரத்துக்கு ஏறக்குறைய எல்லா விரல்களும் ஒரே நொடியில் மூட வேண்டும். ஒரு விரல் மயிரிழை பிந்தினாலும் கீச்சிடும், அல்லது இசையில் ஓட்டை விழும். வேகமான வெபரில் இது கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். மோட்சார்ட்டின் மெதுவான பகுதியில் ஒளிய இடமே கிடையாது. குளிர்ந்த அறை, உலர்ந்த வாய், ஒத்துழைக்காத ரீடு எல்லாம் அன்றைக்கே சேர்ந்து வரும்.

அந்த உருப்படியில் இன்னும் இரண்டு சங்கடங்கள். 1791-இல் மோட்சார்ட் அதை கிளாரினெட் கலைஞர் அன்டன் ஸ்டாட்லருக்காக, கீழே கூடுதல் சுரங்கள் உள்ள பாஸெட் கிளாரினெட்டுக்கு எழுதினார். அவர் கையெழுத்துப் படி தொலைந்துவிட்டது. சாதாரணக் கருவிக்கு ஏற்ப, எட்டாத கீழ்ச் சுரங்களை மேலே ஏற்றி அச்சிட்ட வடிவத்தைத்தான் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு ‘எழுதியபடி வாசித்தாயா’ என்று மதிப்பெண் போடுவது கொஞ்சம் வேடிக்கைதான். மற்றது பணம். அது ஏ கிளாரினெட்டுக்கான இசை. பள்ளி மாணவர் கையில் இருப்பது பி-ஃபிளாட். இன்னொரு முழுக் கருவி வாங்க வேண்டும், இல்லையென்றால் அரைச் சுரம் ஏற்றிய பியானோ பகுதியோடு வாசிக்க வேண்டும். பியானோவையே தவிர்க்கலாம் என்றாலும் தப்ப முடியாது. ஸ்ட்ராவின்ஸ்கியின் 1918-ஆம் ஆண்டு மூன்று தனி உருப்படிகளுக்குப் பியானோக்காரரே தேவையில்லை. அங்கும் முதலிரண்டுக்கு ஏ கிளாரினெட்டே நல்லது என்று அவர் குறித்துவைத்திருக்கிறார்.

என்னைக் கேட்டால், வழக்கமான அந்தப் பட்டியல் அப்படியே இருக்கட்டும். உருப்படியை அதன் முதல் நிமிடத்தை வைத்து எடை போட வேண்டும். நடுவர்கள் பாதியில் நிறுத்துவது சகஜம். கடைசிப் பக்கத்து வாணவேடிக்கைவரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கில் வெபரின் 1811 கான்செர்ட்டினோவை மிஞ்ச எனக்கு வேறு தெரியவில்லை. கிளாரினெட் கலைஞர் ஹைன்ரிஷ் பேர்மனுக்காக எழுதியது. அது பிடித்துப்போய் பவேரிய மன்னர் இன்னும் இரண்டு கான்செர்ட்டோக்கள் கேட்டார். பி-ஃபிளாட் போதும். சுமார் ஒன்பது நிமிடம். மெதுவான முன்னுரை, வளர்ந்துகொண்டே போகும் மாறுபாடுகள், நடுவே அடித்தொண்டையில் இருண்ட ஓர் இடம், துள்ளலான முடிவு என எல்லாம் ஒன்றிலேயே இருக்கிறது. எல்லோரும் வாசிப்பதுதானே என்று தயங்க வேண்டாம். அதன் தொடக்கத்து நீண்ட சுரங்களை மட்டும் ஒரு வாரம் ஊதிப் பாருங்கள். அவை நடுங்காமல் நின்றால் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.