வினையொப்படைப்பும் நூற்பொருளும்

அறநூல்களிலும் சாத்திரங்களிலும் கூறப்பட்ட பொருள்களை வாணிகத் தலைமைக்குப் பொருத்திக் காட்டுதல் இந்நாளிற் பெருவழக்காயுள்ளது. வணிகர் கூடும் அவைகளிலும் தொழில் பயிற்றும் வகுப்புக்களிலும், திருக்குறளின் ஒரு பாட்டையேனும் பெரியபுராணத்தின் ஒரு வரலாற்றையேனும் எடுத்து, ஆட்களை நடத்தும் முறை இதுவே என்று முடித்துவிடுகின்றனர். இம்முயற்சி இகழத்தக்கதன்று. நூல்கள் உலகியலுக்குப் பயன்படுதல் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும் ஒரு நூலின் பொருளைப் பிறிதொரு துறைக்குக் கொண்டுசெல்வார்க்குக் கடமை இரண்டுள. நூல் கூறியது முழுவதையுங் காண்டல் ஒன்று. நூல் கூறாததை அதன்மேல் ஏற்றாமை மற்றொன்று. இவை தவறியவழி விளையுங் கேடு நூலுக்கு மட்டுமன்று; அந்நூலைக் காட்டித் தம் பொறுப்பைக் கழிக்குந் தலைவராற் பிறர்க்கும் விளையும். ஆதலின் இதனை ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

ஆராய்ச்சிக்கு நிலைக்களம் தேடி நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. விழுப்புரம், திண்டிவனம் என்னும் இரண்டு ஊர்களும் நெல்லும் மணிலாக்கொட்டையும் கைமாறும் வாணிகத் தலங்கள். அவற்றைச் சூழ்ந்த நாடோ, சைவசித்தாந்தத்தின் முதனூல் தோன்றிய திருவெண்ணெய்நல்லூரையும், மெய்ப்பொருள் நாயனார் அரசிருந்த திருக்கோவலூரையும், நல்லியக்கோடனது கிடங்கிலையும் தன்னகத்தே கொண்டது. இவற்றுள் திருக்கோவலூர் 2019 முதற் கள்ளக்குறிச்சி மாவட்டத்திற் சேர்ந்ததேனும், அதற்கு முன் விழுப்புரம் மாவட்டத்ததேயாம். கடையும் கலையும் ஒருங்கு நிற்கும் இந்நிலத்தை வைத்தே பொருளை நோக்குவாம்.

மண்டிக்காரர் ஒருவர் எடைபோடும் வேலையைத் தம் ஆளிடம் ஒப்படைத்தார் என்று கொள்க. உழவன் கொணர்ந்த மூட்டைகளின் எடை குறைத்து எழுதப்பட்டது. உழவன் வந்து முறையிட்டபோது, 'அவ்வேலை முழுவதையும் அவனிடம் விட்டுவிட்டேன். வள்ளுவரும் அவ்வாறே கூறினார்' என்று மண்டிக்காரர் விடைபகர்ந்தால், அவ்விடை நூலோடு பொருந்துமா? இவ்வாராய்ச்சியின் உயிர் இவ்வினாவேயாம்.

அவர் கருதியது திருக்குறள் ஐம்பத்திரண்டாம் அதிகாரமாகிய தெரிந்து வினையாடலின் ஏழாம் பாட்டை. செய்யத்தக்க வினையும், அதற்குரிய கருவியும், அதனை முடிக்கவல்லானும் இன்னவென ஆராய்ந்து, பின் அதனை அவன்பால் விடுக என்பது அதன் பொருள். இப்பாட்டின் இறுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, 'விடுதலே தலைமை' என்று உரைப்பார் பலர். அவர் மறந்தன மூன்று.

முதலாவது, விடுதற்கு முன்னர் ஆராய்தல் கூறப்பட்டமை. இவ்வதிகாரத்திற்கு முன்னிற்பது தெரிந்து தெளிதல். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கானும் ஒருவனது இயல்பை ஆராய்தலும், குணமும் குற்றமும் நாடி மிகுதி கொண்டு துணிதலும், அன்பு ஒன்றே காரணமாக அறிவிலாரைத் தெளிதலின் பேதைமையும் ஆண்டே விளக்கப்பட்டன. மைத்துனன் என்றும் ஒன்றுவிட்ட தம்பி என்றும் கல்லாப்பெட்டியின் திறவுகோலைக் கொடுத்துவிட்டுப் பின் வருந்துவார்க்கு இவ்வதிகாரம் முன்னரே விடைகூறி நிற்கின்றது.

இரண்டாவது, கருவி கூறப்பட்டமை. பரிமேலழகர் இப்பாட்டில் வினை, கருவி, வினைசெய்வான் என மூன்றனையும் வகுத்துக் காட்டுவர். வேலையைக் கொடுத்து அதற்குரிய கருவியைக் கொடாத தலைவர் எத்துணையர்! கொள்முதல் செய்க என்பர். விலை பேசும் உரிமையைக் கொடார். கணக்கைச் சரிபார்க்க என்பர்; பழைய பேரேட்டைக் காட்டார். முடிவில் வேலை கெட்டவழி, ஆளின்மேற் குற்றஞ் சுமத்துவர். இஃது ஒப்படைத்தலன்று, பழியை மட்டும் ஒப்படைத்தலேயாம்.

மூன்றாவது, அவ்வதிகாரம் ஏழாம் பாட்டோடு முடிந்திலாமை. எவ்வகையால் ஆராய்ந்து கொள்ளப்பட்டாரும் வினையின் வேறுபாட்டால் வேறுபடுதலுண்டு என்பதை நான்காம் பாட்டு முன்னரே கூறிற்று. தொழில் செய்வான் கோடாதொழியின் உலகமுங் கோடாது; ஆதலின் மன்னன் அதனை நாடோறும் நாடுக என்று இறுதிப் பாட்டு முடிக்கின்றது. விடுக என்ற ஆசிரியரே நாடோறும் நாடுக என்றும் விதித்தார். இவ்விரண்டும் முரணுமோ எனின், முரணா. விடப்படுவது வினை, நாடப்படுவது முறை. ஆள் ஒவ்வொரு மூட்டையை நிறுக்கும்போதும் அருகில் நின்று கைபிடித்தல் நாடுதலன்று. தெளிந்தபின் ஐயுறுதல் தீராத இடும்பை தரும் என்று முன்னையதிகாரமே அதனை விலக்கிற்று. தராசு நேர் நிற்கின்றதா, உழவன் மனநிறைவோடு செல்கின்றானா என்பதை நாடோறும் அறிதலே நாடுதல். ஆகவே நம் மண்டிக்காரர் கூறிய விடை, பத்துப் பாட்டுள் ஒன்றைக் கொண்டு ஒன்பதைத் தள்ளியதாம்.

இனி, பெரியபுராணத்தின்பாற் செல்வாம். மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை எடுத்து, தலைவன் எவரையும் நம்புதல் வேண்டும் என்றும், ஏவலாளன் வினாவின்றிக் கீழ்ப்படிதல் வேண்டும் என்றும் கூறுவாருளர். இரண்டும் பிழை. நாயனார் முத்தநாதனது திருவேடத்தை வழிபட்டார். அவனுக்கு ஒரு தொழிலையும் ஒப்படைத்தாரல்லர். வேடத்தை வணங்குதல் அடியவர் நெறி. வேடத்தைக் கண்டு பொறுப்பளித்தல் தெரிந்து தெளிதல் விலக்கிய பேதைமை. நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்தவனைச் சிவனெனவே கருதி வணங்குக. காசாளனாக அமர்த்துவதாயின் ஆராய்ந்தே அமர்த்துக. முன்னதிற் குறைந்தவன் அன்பிற் குறைந்தவன். பின்னதிற் குறைந்தவன் பிறர் பொருளைக் காக்குங் கடமையிற் குறைந்தவன்.

நாயனார் உண்மையில் ஒரு வினையை ஒப்படைத்தது தத்தனிடத்தேயாம். தத்தன் வினாவாது பணிந்தவனுமல்லன். ஏனைக் காவலர் முத்தநாதனைத் தடையின்றி விடுத்தபோதும், அரசர் துயில்கின்றார், காலமறிந்து செல்க என்று கடைவாயிலிற் கூறியவன் அவனே. குத்துண்டு வீழும் நிலையில் நாயனார் முதலிற் கூறியது கட்டளையன்று. வந்தவன் நம்மவன் என்னுங் காரணம். அதன் பின்னரே, இடையூறின்றி அவனைக் கொண்டுபோய் விடுக என்னும் ஆணை பிறந்தது. காரணம் அறிந்தமையாலன்றோ, சினந்து சூழ்ந்த நகரத்தாரை அரசனது ஆணைகூறித் தத்தன் விலக்க முடிந்தது! எல்லை கடந்து விட்டபின் மீண்டுவந்து செய்தி கூறினான். அதுகேட்குமளவும் உயிர்தாங்கியிருந்த நாயனார், இன்று நீ செய்ததை எனக்கு வேறு யாவர் செய்யவல்லார் என்று பாராட்டினார். நோக்கம் உணர்த்துதல், எல்லை வகுத்தல், முடிவு கேட்டல், செய்தானை நன்று கூறல் என்னும் நான்கும் ஈண்டு உள. தாம் கொடுத்த வேலை முடிந்தது என்று வந்து சொல்லும் ஆளை நிமிர்ந்தும் பாராத தலைவர், இந்நாயனாரைத் தமக்கு எடுத்துக்காட்டாகக் கூறும் உரிமை உடையரல்லர்.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு இதனினும் நுட்பமானது. முதிய வேதியராய் வந்த பெருமான் ஆளோலை காட்ட, நம்பியாரூரர் அதனைப் பறித்துக் கிழித்தனர். அவையத்தார் முன் மூலவோலை காட்டப்பட, பாட்டனாரது பிற கையெழுத்தோடு ஒப்புநோக்கி அஃது உண்மையென்று துணிந்தனர். யான் எழுதினேனல்லேன் என்னும் மறுப்பு அவ்வவையிற் செல்லவில்லை. ஒருவர் கையெழுத்து மற்றொருவரைக் கட்டும் என்னும் உண்மை வணிகர்க்கு நன்கு பயன்படும். காரியஸ்தன் தனக்களித்த அதிகாரத்துட்பட்டுச் செய்தது முதலாளியைக் கட்டும் என்பதே 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் விதியும் ஆம். ஆயினும் இவ்வரலாற்றை அவ்வளவிற்கு மேல் நீட்டுதல் தகாது. பாட்டன் எழுதிய ஓலையாற் பேரன் அடிமையாதல், ஆண்டவன் தன் அடியவனைத் தடுத்தாட்கொண்ட அருட்செயலுக்கு உரியது. மனிதர் மனிதரை அவ்வாறு கட்டுதற்கு அதனைச் சான்றாக்குதல் பெரும்பிழை. கடனுக்காகக் குடும்பத்தையே வேலையிற் பிணிக்குங் கொத்தடிமைமுறை 1976ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூற்பொருளை எல்லையறியாது பொருத்துவார் எங்குச் சென்று வீழ்வர் என்பதற்கு இஃதோர் எச்சரிக்கை.

தலைவன் எதனை ஒப்படைத்தலாகாது என்னும் வினாவும் உளது. திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கில் இதற்கு விடை தருகின்றது. சிறுபாணாற்றுப்படையிற் போற்றப்படும் ஓய்மானாட்டு நல்லியக்கோடன், ஏவலாளர் பலர் இருக்கவும், பாணரைத் தான் அருகு நின்று உண்பித்தான் என்று நல்லூர் நத்தத்தனார் பாடினர். அடிசில் சமைத்தலைப் பிறர்க்கு விடலாம். கலத்தைப் பிறர் ஏந்தலாம். வந்தவனது முகத்தைப் பார்த்து அவன் வயிறு நிறைந்ததா என்றறிதலை அவன் பிறர்க்கு விட்டிலன். மண்டிக்கு வந்த உழவனது குறையைக் கேட்டலும் அத்தகையதேயாம்.

இனிச் சித்தாந்தத்தை நோக்குவாம். சுத்தமாயையில் இறைவன் தானே நின்று தொழில் செய்வன். அசுத்தமாயையில் அனந்தேசுரரையும், பிரகிருதியிற் சீகண்டரையும் அதிட்டித்துச் செய்விப்பன் என்பது ஆகமநெறி. இதனைக் கேட்ட வணிகர் ஒருவர், 'முதலாளி சிவன், மேலாளர் அனந்தர், கடையாட்கள் பிறர்' என்று எளிதில் ஒப்புமை கூறிவிடுவர். இவ்வொப்புமையை யாம் உடன்படேம். ஆசிரியர்கள் குயவனையும் ஞாயிற்றையும் உவமை கூறியது, அறிந்ததைக் கொண்டு அறியாததை உணர்த்துதற்கு. அவ்வுவமைகள் ஒருபுடையொப்பன. அவற்றைத் தலைகீழாக்கித் தன்னைச் சிவனோடு ஒப்பிட்டுக்கொள்ளுதற்கு அவை இடந்தாரா. இறைவன் ஐந்தொழில் செய்வது தனக்கொரு பயன்கருதியன்று; உயிர்களின் பொருட்டே. வணிகனோ தன் ஊதியங்கருதி ஆள் வைப்பவன்.

அங்ஙனமாயின் சித்தாந்தத்தில் வணிகன் நிற்குமிடம் யாது? அனந்தரது நிலையே என்க. அவர் பேரதிகாரம் உடையவர். எனினும் அவ்வதிகாரம் அவருடையதன்று, அளிக்கப்பட்டது. அவர்பால் எஞ்சி நிற்கும் வாசனையை அதிகாரமலம் என்பர். அதிகாரம் செலுத்துதலில் உள்ள விருப்பமே அது. அதிகாரம் முடிந்தவழியே அவர்க்கும் வீடு. நிலமும் செல்வமும் அறிவும் தனக்கு அளிக்கப்பட்டன என்றறிந்த முதலாளி, தன் கீழுள்ளானைத் தன் கருவியாக நினையான். சித்தாந்தத்தில் தண்டசக்கரம் சடம், உயிரோ சித்து. திகிரியைச் சுழற்றுவதுபோல் அறிவுடைய ஓர் உயிரைச் சுழற்றுதல் நெறியன்று. அன்றியும், பிறர்க்கு அதிகாரம் விட மனம் வாராது எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்வானது நோய்க்கும், விட்டபின் திரும்பியும் பாராதவனது நோய்க்கும் வேர் ஒன்றே. தன்னை முதலென்று கருதுதல். முன்னவன் வினையைத் தனதென்றான். பின்னவன் ஊதியத்தைத் தனதென்று பழியைப் பிறனதென்றான்.

அனுக்கிரகத்தை இறைவன் குருவடிவாய்த் தானே வந்து செய்வன் என்பது சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரத்துட் பெறப்படும். தொழில்களைச் செய்விப்பவனும், உயிர்க்கு நேரே உதவவேண்டியவிடத்துத் தானே வருகின்றான். கிடங்கிற் கோமான் அருகு நின்று உண்பித்ததும் இக்குறிப்போடு ஒத்துச் செல்லுதல் காண்க.

ஒப்படைத்தலுக்கு நம் நூன்மரபிலேயே ஒரு சிறந்த காட்டுண்டு. அதனை எடுத்துக் கூறுவாரை யாம் கண்டிலேம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் பன்னிரண்டு சூத்திரத்தான் சிவஞானபோதத்தை அருளினர். அதன் பொருளைப் பரமதம் மறுத்தும் தம்மதம் நிறுவியும் விரிக்கும் பணி அருணந்தி சிவாசாரியர்பாற் சென்றது. அவரோ மெய்கண்டாரது குலகுருவாயிருந்து மாணாக்கரானவர், ஆண்டில் மூத்தவர். மூப்பும் பழைய நிலையும் தடையாகாமல் தகுதி ஒன்றே நோக்கப்பட்டது. சிவஞானசித்தியார் வழிநூலாயிற்று, உமாபதி சிவாசாரியரது சிவப்பிரகாசம் சார்புநூலாயிற்று. வழிநூல் முடிவில் முதனூலோடு ஒத்து, நடையிலும் விரிவிலும் தன் வேறுபாடு உடையதாதல் இலக்கணம். முதனூலைப் படியெடுத்தெழுதின் அது வழிநூலாகாது. முடிபில் மாறின் அதுவும் வழிநூலாகாது. நல்ல காரியஸ்தனும் இத்தகையனே. முடிவு தலைவனுடையது, வழி அவனுடையது. அவ்வழியைத் தன் வழிபோலில்லை என்று வெறுக்குந் தலைவன், வழிநூலைப் படியாக்க முயல்பவன். முடிவையும் கூறாது விடுந்தலைவன், முதனூலே இயற்றாதவன்.

இனி, நம் மண்டிக்காரர்க்கு விடை கூறி முடிப்பாம். அவர் எடைவேலையை ஒப்படைத்தது குற்றமன்று. ஆளை ஆராயாமையும், தராசை நாடாமையும், வந்த உழவனை எதிர்கொள்ளாமையுமே குற்றம். குறைந்த எடைக்குரிய பொருளை அவரே கொடுத்தல் வேண்டும். அதன் பின்னரே ஆளை வினவுதல் வேண்டும். வினையை ஒப்படைக்கலாம்; அறத்தை ஒப்படைத்தல் இயலாது. நூல்களை வாணிகத்திற்குப் பொருத்துவார் இவ்வொன்றை மட்டும் நெகிழவிடாராயின், நூலும் பிழைக்கும், வாணிகமும் பிழைக்கும், உழவனும் பிழைப்பான் என்க.