கழுத்தா, முழு உடலா? கேள்வியே தப்பு

சுட்ட ரைஃபிள் தோட்டாவின் பித்தளை உறையை மறுபடி நிரப்பிச் சுடுவது அமெரிக்காவில் பழகிப்போன பொழுதுபோக்கு. விரிந்த உறையைப் பழைய அளவுக்கு இறுக்கும் அச்சுக்கு 'டை' என்று பேர். எதை வாங்குவது என்பதில் ரெண்டு கட்சி. கழுத்தை மட்டும் இறுக்கினால் பித்தளை நீடிக்கும் என்கிறது ஒன்று. முழு உடலையும் இறுக்குவதே பத்திரம் என்கிறது மற்றது.

முழு டை உறையைக் கெடுக்கிறது என்ற புகார் பாதிதான் சரி. கெடுப்பது டை இல்லை. உறைதாங்கியைத் தொட்ட பிறகும் டையைக் கால் சுற்று இறக்கச் சொல்லும் வழக்கமான குறிப்புதான். அப்படி இறக்கினால் .308 வின்செஸ்டர் உறையின் தோள் தேவைக்கு மேல் பின்னே போய்விடலாம். அடுத்த முறை சுடும்போது உறை நீண்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே மெலியும். இது தொடர்ந்தால் அங்கேயே பிய்ந்து, சூடான வாயு முகத்தருகே கசியலாம்.

கழுத்து டையும் தீர்வில்லை. சில தடவைக்குப் பின் உறை சேம்பரில் இறுகி, போல்ட் மூடச் சிரமமாகும். அப்போ முழு டையிடம்தானே வரணும்? செமி ஆட்டோவுக்கோ முதலிலிருந்தே அதுதான்.

ஆக, முழு டையே வாங்கலாம். போல்ட் ரைஃபிளுக்குத் தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் தள்ளினால் போதும். அதை அளக்கும் கருவி இல்லாமல் எந்த டையும் குருட்டு டைதான்.